கீறலும் மெருகும்



புதிதாக வாங்கிய காரை மந்திரிப்பதற்காகக் கோவில் முற்றத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் நம் பங்குகளில் நெடுங்காலமாக உண்டு. பயணிகளின் பாதுகாவலராகிய புனித கிறிஸ்தோபரின் திருநாளான ஜூலை 25-ஆம் நாளன்று சில பங்குகளில் பழைய வண்டிகளும் வரிசையாக வந்து நிற்பதுண்டு. கழுவி, துடைத்து, மாலையிட்டுக் கொணரப்பட்ட அவ்வண்டிகளின் மீது சாய்ந்த வெயில் விழும்போது ஒரு காட்சியை நாம் காண்கிறோம். கதிரவனின் ஒளி விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டிகளில் இவை பளிச்சென்று புலப்படும். வெள்ளை வண்டியிலும் அவை உண்டு. ஆயினும் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை.

இக்கீறல்கள் எங்ஙனம் உண்டாகின்றன, அவற்றை நீக்க வழியுண்டா, நீக்கும்போது எதை இழக்கிறோம் என்னும் கேள்விகள் கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரியவை அல்ல. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போரும், வண்டி கழுவும் நிலையங்களிலும் பெயிண்டு பட்டறைகளிலும் உழைக்கும் இளைஞர்களும் நம் குடும்பங்களில் அநேகர். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

வட்டம் எங்கிருந்து வந்தது?

முற்காலத்துக் கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அமைந்திருந்தன. 1920-களில் அமெரிக்காவில் ‘டூக்கோ’ என்னும் விரைவில் உலரும் பெயிண்டு புழக்கத்துக்கு வந்தது. அப்பெயர் நம் நாட்டுப் பட்டறைகளிலும் நிலைத்துவிட்டது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர் காரை வைத்திருந்த பெரியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். பழைய பெயிண்டில் பாலீஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொள்ளும்.

இக்காலக் கார்களின் அமைப்பு வேறு. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறப்பூச்சு, யாவற்றுக்கும் மேலாகக் ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற கண்ணாடி போன்ற பூச்சு என்று பல அடுக்குகள் உள்ளன. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பது இம்மேற்பூச்சே. இதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செய்தித்தாளின் ஒரு தாளை விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். அதைவிட மெல்லியதொரு படலமே வண்டியின் அழகையும் ஆயுளையும் தாங்கி நிற்கிறது.

நாம் காணும் வட்டக் கீறல்கள் இம்மேற்பூச்சில் விழுந்தவை. அவை உண்மையில் வட்டமாக இருப்பதில்லை என்பது வியப்புக்குரிய செய்தி. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக விழுந்த எண்ணற்ற நுண்கீறல்களுள், ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே மின்னுகின்றன. ஆகையால்தான் விளக்கைச் சுற்றியோ கதிரவனின் பிம்பத்தைச் சுற்றியோ அவை வளையங்களாகத் தோன்றுகின்றன. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இவற்றை உண்டாக்குவது பெரும்பாலும் நம் கைகளே. விடியற்காலையில் வண்டியின் மீது படிந்திருக்கும் புழுதியை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பது நம் ஊர்களில் அன்றாட வழக்கம். அப்புழுதியில் மணல் துகள்கள் உண்டு. மணலோ மேற்பூச்சைவிடக் கடினமானது. சுத்தம் செய்வதாக எண்ணி நாள்தோறும் மணலைக் கொண்டு தேய்க்கிறோம். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் எடுப்பது, ஒரே வாளித் தண்ணீரில் வண்டி முழுவதையும் கழுவுவது, சக்கரம் துடைத்த துணியாலேயே கதவையும் துடைப்பது ஆகிய யாவும் இதே தீங்கைச் செய்கின்றன.

கையா, எந்திரமா?

கீறலை நீக்குதல் என்றால் என்ன? பள்ளத்தை எதையோ கொண்டு நிரப்புவதன்று. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்த்துக் குறைப்பதே. ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் மேற்பூச்சில் ஓரிரு மைக்ரானேனும் போய்விடுகிறது. போனது திரும்ப வராது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலாவது சோதனை நகத்தால் செய்வது. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல நகர்த்தும்போது அது தட்டினால், அக்கீறல் ஆழமானது. மெருகினால் அதைப் போக்க முயல்வது அறிவுடைமை ஆகாது. நகத்துக்குத் தட்டாத மெல்லிய வலைக் கீறல்களே மெருகுக்கு உரியவை.

வண்டியை நன்றாகக் கழுவி நிழலில் நிறுத்த வேண்டும். சூடான தகட்டின் மீது பாலீஷ் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். கழுவிய பின்னும் சொரசொரப்பாக இருந்தால், அதற்கென விற்கும் களிமண் போன்ற கட்டியை ஈரத்தோடு மெல்லத் தேய்த்து, ஒட்டியுள்ள தாரையும் இரும்புத் துகளையும் எடுத்துவிட வேண்டும். ரப்பர் பட்டைகள், பிளாஸ்டிக் பாகங்கள், கதவின் கூரிய ஓரங்கள் ஆகியவற்றின் மீது காகித டேப்பை ஒட்டுவது நன்று. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மிக மெல்லியதாகையால், அங்கேதான் நிறம் விரைவில் தேய்ந்துபோகும்.

கையால் செய்வோர், ஸ்பஞ்சுத் துண்டில் சிறிதளவு பாலீஷ் எடுத்து, ஓரடிச் சதுரம் போன்ற சிறு பகுதியில் சீரான அழுத்தத்தோடு தேய்க்கலாம். உழைப்பு மிகுதி, பலன் ஓரளவே. மிக மெல்லிய கீறல்கள் குறையும். சற்று ஆழமானவை நிற்கும். ஆயினும் கையால் பெருங்கேடு விளைவது அரிது. கதவுக் கைப்பிடியின் உட்புறம் போன்ற சிறிய இடங்களுக்குக் கையே தக்கது.

எந்திரங்கள் இரு வகைப்படும். ஒன்று, ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய வகைப் பஃபிங் மெஷின். இது விரைவாக வெட்டும். பழகாத கையில் ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பூச்சையே எரித்துவிடும். பழகியவர் கையிலுங்கூட, வெயிலில் நிழலாடும் கோடுகளை விட்டுச்செல்வதுண்டு. மற்றது, சுழன்றுகொண்டே மையம் விலகியும் சுற்றும் வகை. இதில் கையழுத்தம் மிகுந்தால் சுழற்சி தானே நின்றுவிடும். சுழல்கிறதா என்பதை அறிய, தட்டின் விளிம்பில் மையால் ஒரு கோடு இட்டுக்கொள்வார்கள் தொழில் தெரிந்தவர்கள். புதிதாகக் கற்போருக்கு இவ்வகையே பாதுகாப்பானது.

எந்திரமாயினும் கையாயினும், முதலில் மென்மையான ஸ்பஞ்சையும் மென்மையான பாலீஷையும் கொண்டு ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பதே முறை. அது போதாதென்று கண்ட பிறகே கடுமையான காம்பவுண்டை நாட வேண்டும். ஏறத்தாழ 2 அடிச் சதுரமான பகுதியில், தட்டைச் சாய்க்காமல், ஒரு வரிசையின் பாதியை அடுத்த வரிசை மூடும்படி மெதுவாக நகர்த்த வேண்டும். ஸ்பஞ்சில் சேரும் கழிவை அவ்வப்போது தூரிகையால் நீக்க வேண்டும். பணி முடிந்தபின் மெழுகுப் பூச்சு இடவேண்டும்; மெருகு கீறலை நீக்குகிறது, மெழுகு பளபளப்பைக் காக்கிறது.

இத்தொழிலில் ஈடுபடும் தம்பிகளுக்கு ஒரு சொல்: பாலீஷ் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடியும் கண்ணாடியும் அணியுங்கள். ஈரத் தரையில் மின் எந்திரம் பிடிக்கும்போது எர்த் இணைப்பு உள்ளதா என்று பார்த்து, ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

மறைப்பதும் நீக்குவதும்

இங்கே ஒரு நேர்மைப் பிரச்சினை எழுகின்றது. எண்ணெயும் மெழுகும் கலந்த சில பூச்சுகள் கீறலின் பள்ளத்தை நிரப்பி, அதை மறைத்துவிடும். பார்வைக்கு வண்டி புதிது போலிருக்கும். சில முறை கழுவியதும் பழைய வலை மீண்டும் தோன்றும். ‘மறைக்கிறேன்’ என்று சொல்லி அதற்குரிய கூலியைப் பெறுவதில் குற்றமில்லை. ‘நீக்கிவிட்டேன்’ என்று சொல்லிக் கூலி பெறுவதும், பழைய காரை இவ்வாறு பூசி விற்பதும் எட்டாம் கட்டளைக்கும் ஏழாம் கட்டளைக்கும் ஒருங்கே மாறானவை. நேர்மையான தொழிலாளி, மெருகேற்றிய இடத்தை ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து, எண்ணெய் போன பின்னும் கீறல் இல்லையென்று விளக்கொளியில் காட்டுவார். ‘இக்கீறல் போகாது, இதைத் தேய்த்தால் உங்கள் பூச்சு போய்விடும்’ என்று சொல்லி, வரும் கூலியை விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனம் வரும்.

வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. கிழிந்த பனியன் துணி ஒன்றையும் அரை வாளி நீரையும் கொடுத்துத் துடைக்கச் சொல்லிவிட்டு, பின்னர் கீறல் கண்டதும் ஓட்டுநரின் சம்பளத்தில் கைவைப்போர் உளர். இது நீதி அன்று. இரண்டு வாளிகள், ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் அலசுவதற்குத் தெளிந்த நீர். மேலிருந்து கீழாகக் கழுவும் பழக்கம். சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் சில. இவற்றை வாங்கிக் கொடுத்துக் கற்பித்த பின்னரே குறைகூறும் உரிமை நமக்கு வருகிறது. ஆண்டுதோறும் காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும் செலவைவிட இது மிகக் குறைவு. மேலும், ஆண்டுதோறும் அவ்வாறு தேய்க்கப்படும் வண்டி சில ஆண்டுகளில் வெளுத்து, மேற்பூச்சு உரிந்து, முழுப் பெயிண்டு வேலைக்கு வந்து நிற்கும். கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டும் குடும்பத்துக்கு அது சிறிய அடியன்று.

நம் ஆலயங்களிலும் இதே பாடம் உண்டு. பொன்முலாம் பூசிய பூசைப் பாத்திரத்தைப் பெருவிழாவுக்கு முன் பித்தளை பாலீஷ் போட்டு அழுத்தித் தேய்க்கும் நல்ல உள்ளங்கள் உண்டு. பக்தி பெரிது, ஆனால் முலாம் மெல்லியது. சில திருவிழாக்களில் பொன் மறைந்து, அடியிலுள்ள உலோகம் எட்டிப்பார்க்கும். மென்மையான துணியும் வெதுவெதுப்பான நீரும் அதற்குப் போதும்.

வீட்டுக்கு ஒரு பாடம்

வண்டியில் ஒரு கோடு விழுந்ததற்காக மகனை வாரக்கணக்கில் ஏசும் தந்தையரைக் காண்கிறோம். கண்டிப்பு வேண்டியதே. ஆனால் எடுத்த எடுப்பிலேயே கடுமையான காம்பவுண்டை எடுப்பவன் நல்ல தொழிலாளி அல்லன். மென்மையானதால் ஆகுமா என்று முதலில் பார்ப்பவனே வல்லவன். பிள்ளைகளின் உள்ளமும் மெல்லிய மேற்பூச்சு உடையதுதான். நாள்தோறும் உலர்ந்த துணியால் தட்டுவது போன்ற குத்தல் பேச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிவதில்லை. ஒருநாள் சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் சேர்ந்து தெரியும்.

ஆயினும் இந்த உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வண்டியின் மேற்பூச்சு ஒவ்வொரு மெருகுக்கும் குறைகிறது. சில முறைக்கு மேல் தாங்காது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும் ஆன்மாவோ எத்தனை முறை வந்தாலும் தேய்வதில்லை. அங்கே குறை மறைக்கப்படுவதில்லை, நீக்கப்படுகிறது. நீக்கப்படுந்தோறும் ஆன்மா வளம் பெறுகிறது. கைவினையின் மெருகுக்கு அளவுண்டு. இறைவனின் இரக்கத்துக்கு அளவில்லை.

ஆகவே, குடும்பத்தாரே, அடுத்த முறை வண்டியைத் துடைக்குமுன் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். புழுதி கரைந்து வழிந்த பின்னரே துணியை எடுங்கள். வீட்டில் ஒருவரைத் திருத்துமுன்னும் அவ்வாறே செய்யுங்கள்.