காரை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் கழற்றும் திருட்டு: பினாங்கு வாகனமோட்டிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

முழுக் காரைத் திருடுவது இப்போது அத்தனை சுலபமில்லை. சாவிக்குள் இருக்கும் சில்லு இல்லாமல் எஞ்சின் உயிர்பெறாது. அலாரம் அலறும். ஜி.பி.எஸ். கருவி பொருத்திய காராக இருந்தால், அது எந்தச் சாலையில் போகிறது என்று உரிமையாளரின் கைப்பேசியே காட்டிக்கொடுத்துவிடும். அதையும் தாண்டினால் எண் பட்டையை மாற்ற வேண்டும், சேசிஸ் எண்ணை அழிக்க வேண்டும், மறைத்து வைக்க ஓர் இடம் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கண்ணாடிக்கோ இவை எதுவும் தேவையில்லை. அது ஒரு பைக்குள் அடங்கிவிடும். அதன் மேல் யாருடைய பெயரும் இருக்காது.

கடைசியாகச் சொன்னதுதான் இந்தத் திருட்டின் அச்சாணி. காருக்குப் பதிவு எண் உண்டு, கிராண்ட் உண்டு. ரிம்முக்கும் கண்ணாடிக்கும் பேட்டரிக்கும் அப்படி எதுவும் இல்லை. காரிலிருந்து கழன்ற அடுத்த நிமிடமே அது யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிடுகிறது.

ஜார்ஜ்டவுனின் அமைப்பும் திருடனுக்குச் சாதகமாகவே இருக்கிறது. நகரின் பழைய கடைவீடுகளுக்குக் கார் கொட்டகை கிடையாது. கார் இரவு முழுவதும் தெருவோரத்தில்தான் நிற்கும். ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாயா தெருபோங் பக்கத்து அடுக்குமாடிகளில் பெட்டிகள் குறைவு, கார்கள் அதிகம். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் ரைபிள் ரேஞ்ச் போன்ற குடியிருப்புகளைக் கட்டியவர்கள், ஒரு வீட்டுக்கு இரண்டு கார் வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இரவு 11 மணிக்கு வீடு திரும்புகிறவர், விளக்கு இல்லாத சாலை ஓரத்தில்தான் காரை விட்டுவிட்டு நடக்க வேண்டும். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 12 மணி நேர ஷிப்டு பார்ப்பவரின் கார், அந்த 12 மணி நேரமும் கேட்பாரற்று நிற்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வருகிறவர்கள் எங்கெங்கே காரை விட்டு வருகிறார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

எதை எடுக்கிறார்கள்?

பக்கக் கண்ணாடிதான் எளிய இலக்கு. விரித்து நிற்கும் கண்ணாடியை நெம்பிப் பிடுங்கச் சில விநாடிகள் போதும். மைவி, சாகா போன்று சாலையில் அதிகம் ஓடும் கார்கள் என்றால் இன்னும் வசதி. அதிகம் ஓடுகிற காரின் பாகம் அதிகம் உடையும், அதிகம் தேவைப்படும், அதிகம் விலைபோகும். "என் கார் சாதாரணக் கார்தானே, யார் தொடப்போகிறார்கள்?" என்ற நினைப்பு இதனால்தான் பொருந்தாமல் போகிறது.

அடுத்தது ரிம்மும் டயரும். பேட்டரியில் இயங்கும் கைக்கருவியும் ஒரு ஜாக்கியும் இருந்தால் நான்கு சக்கரங்களையும் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம். காலையில் கார் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, எஞ்சினின் மூளையான ஈ.சி.யூ. பெட்டி. புரோட்டோன் விரா போன்ற பழைய கார்களில் இது டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு இழுத்துவிடுவார்கள். இம்மொபிலைசர் வசதி இல்லாத பழைய கார்களில், ஒன்றிலிருந்து கழற்றியதை அதே ரகக் காரில் அப்படியே செருகினால் ஓடும். புதிய கார்களில் பெட்டியும் சாவியும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால் அது அவ்வளவு எளிதில்லை. ஆகவே இந்த இழப்பு பெரும்பாலும் பழைய கார் வைத்திருப்பவர் தலையில்தான் விழுகிறது. புதுக் கார் வாங்க வசதியில்லாதவரும் அவர்தான்.

வண்டிக்கு அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மறக்கக் கூடாது. புகையை வடிகட்டும் இந்தக் குடுவைக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற அரிய உலோகங்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் ரோடியத்தின் விலை ஓர் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 29,000 அமெரிக்க டாலரைத் தொட்டது. அமெரிக்கக் காப்புறுதிக் குற்றப் பணியகத்தின் கணக்கில் 2018இல் 1,298ஆக இருந்த இந்த வகைத் திருட்டு, 2020இல் 14,433ஆக உயர்ந்தது. உலோகச் சந்தை ஏறினால் தெருவோரக் காருக்கு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். தரையிலிருந்து உயரமாக நிற்கும் பிக்கப், வேன் ஆகியவற்றுக்கு அடியில் ஜாக்கி இல்லாமலே புகுந்துவிடலாம். காலையில் எஞ்சினை முடுக்கியதும் கார் லாரி போல உறுமினால், முதலில் குனிந்து கீழே பார்க்க வேண்டும்.

பேட்டரி, வேனுக்கு அடியில் தொங்கும் ஸ்பேர் டயர், எண் பட்டை ஆகியவையும் போகின்றன. இவற்றில் எண் பட்டை விலையில் அற்பம், விளைவில் பெரிது. உங்கள் எண்ணை மாட்டிக்கொண்டு வேறொரு கார் குற்றம் செய்தால், சம்மன் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். இதற்கு அன்றைக்கே புகார் செய்துவிட வேண்டும்.

நேரத்தைத் திருடுங்கள்

கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பாகத் திருட்டில் காப்பான் ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை. கள்ளனைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் போதும். இரண்டு நிமிட வேலை பத்து நிமிடமானால் அவன் அடுத்த காருக்குப் போய்விடுவான். அடுத்த கார்க்காரருக்கு இது ஆறுதலில்லைதான்.

சக்கரத்துக்கு ஒரு பூட்டு நட்டு வீதம் நான்கு போட்டுவிட வேண்டும். அதைத் திறக்கும் சாவியைக் காணாமல் போக்கினால் டயர் பஞ்சராகும் அன்று பட்டறைக்காரரே தலையைச் சொறிவார் என்பதால், அதன் குறியீட்டு எண்ணை வீட்டில் எழுதி வைப்பது நல்லது. சுவரையோ நடைபாதை விளிம்பையோ ஒட்டி நிறுத்தினால் அந்தப் பக்கத்தில் கருவியை நுழைக்க இடம் இருக்காது. சாதாரண அலாரம் கதவு திறந்தால்தான் கத்தும்; காரை மெல்ல ஜாக்கியில் தூக்கினால் அதற்குத் தெரியாது. சாய்வை உணரும் சென்சார் உள்ள அலாரம் அதையும் பிடித்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஈ.சி.யூ. பெட்டியை மூடும் இரும்புக் கூடு ஒன்றைப் பட்டறையில் அடித்துப் போட்டுக்கொள்ளலாம். கன்வெர்ட்டருக்கும் அப்படியே. கண்ணாடியை மடக்கிவிட்டு இறங்கும் பழக்கத்துக்குக் காசு எதுவும் செலவில்லை.

இவை எல்லாவற்றையும்விட மலிவான, ஆனால் நம்மில் அதிகம் பேர் செய்யாத ஒன்று இருக்கிறது. பாகத்தின் மேல் வண்டி எண்ணைப் பொறிப்பது. பக்கக் கண்ணாடியின் ஓரத்திலும், பிளாஸ்டிக் கூட்டின் உட்புறத்திலும், ரிம்மின் உட்பகுதியிலும், பேட்டரியின் மேலும் பதிவு எண்ணைச் சிறிதாகக் கீறிவிட்டால், அந்தப் பொருளுக்குப் பெயர் வந்துவிடுகிறது. திருடனைவிட அதை வாங்குபவனுக்குத்தான் அது தலைவலி. விற்க முடியாத பொருளை யாரும் மெனக்கெட்டுக் கழற்ற மாட்டார்கள். பொறித்த பிறகு அந்த இடங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் "இது என்னுடையது" என்று நிரூபிக்க உதவும்.

வாங்குகிறவருக்கும் சிறை

பினாங்குக்குப் பழைய பொருள் சந்தை புதிதல்ல. ஒரு காலத்தில் ரோப் வாக்கிலும், பிறகு சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட்டிலும் பழைய பொருள்களைக் கிளறி வாங்குவது இந்த ஊரின் பொழுதுபோக்குகளில் ஒன்று. பழைய உதிரிப் பாகம் வாங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் ஹாஃப் கட் கார்களின் பாகங்களை முறையாக விற்கும் கடைகள் நாடு முழுவதும் உள்ளன. சம்பளம் போதாத குடும்பத்துக்கு அவை பெரிய உதவி.

சிக்கல் எங்கே என்றால், ரசீது இல்லாமல், கடை இல்லாமல், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிப் பாதி விலைக்கு வரும் பொருளில். தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவு, வாகனத்தையோ அதன் பாகத்தையோ திருடுகிறவருக்குக் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும், அதோடு அபராதமும் விதிக்க வழி செய்கிறது. டயர், துணைப் பொருள், கருவி எல்லாமே இந்தப் பிரிவின்படி வாகனத்தின் பாகம்தான். சாதாரணத் திருட்டுக்கான 379ஆவது பிரிவில் இந்தக் குறைந்தபட்சச் சிறை கிடையாது. ஆக, சாதாரணத் திருட்டைவிடக் காரில் ஒரு கண்ணாடியைத் திருடுவதைச் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது.

பலருக்குத் தெரியாதது 411ஆவது பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது குற்றம். அந்தப் பொருள் வாகனப் பாகமாக இருந்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். "எனக்குத் தெரியாதுங்க, மலிவாகக் கிடைத்தது" என்ற பதில் எப்போதும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. அந்த மலிவே நம்பக் காரணமாகக் காட்டப்படலாம். 150 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் வேலையை இழக்கும் நிலை ஓர் இளைஞருக்கு வர இவ்வளவு போதும்.

வாங்கும்போது பாகத்தின் வயர்களைப் பாருங்கள். முறையாகக் கழற்றியவர் பிளக்கை உருவியிருப்பார். அவசரத்தில் பிடுங்கியவர் வயரை வெட்டியிருப்பார். எண்ணைச் சுரண்டி அழித்த தடம் இருந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டலாம். கடையின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள ரசீதைக் கேளுங்கள். இன்று கண்ணாடி பறிபோனவர் நாளை அவசரத்துக்கு அதே கள்ளச் சந்தைக்குத்தான் போகிறார். தன் கண்ணாடியைத் தானே விலைகொடுத்து வாங்குவது வெறும் நகைச்சுவை இல்லை.

காணாமல் போன பிறகு

முதலில் படம் எடுக்க வேண்டும், பிறகுதான் காரை நகர்த்த வேண்டும். பக்கத்துக் கடை, அடுக்குமாடி நிர்வாகம், கோயில் என்று எங்கெல்லாம் கேமரா உண்டோ அங்கெல்லாம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். பதிவுகள் சில நாள்களில் தானாக அழிந்து புதியவை ஏறிவிடும்.

பிறகு போலீஸ் புகார். "இது எங்கள் எல்லையில்லை, அங்கே போ" என்று அலைக்கழிக்க வேண்டியதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, மலேசியாவின் எந்த மூலையில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற்றாக வேண்டும். பட்டாணி சாலையிலுள்ள மாவட்டத் தலைமையகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நிபோங் திபாலில் வீடு இருந்தால் அங்கேயே கொடுக்கலாம். மலாயில் எழுதத் தடுமாறுகிறவர்கள் வாயால் சொன்னால் போதும். போலீஸ் எழுதி, அதைப் புகார்தாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். திருடப்பட்ட பாகத்தில் பொறித்த எண் இருந்தால் அது புகாரில் இடம்பெற்றதா என்று கட்டாயம் பாருங்கள்.

புகார் கொடுத்து 4 வாரம் கடந்தும் தகவல் இல்லையென்றால், 107ஏ பிரிவின் கீழ் விசாரணை நிலை அறிக்கையைக் கேட்கலாம். கேட்ட 2 வாரத்துக்குள் அவர்கள் தர வேண்டும். விசாரணையைப் பாதிக்கும் விவரங்களை மட்டும் அதில் சேர்க்க மாட்டார்கள்.

காப்புறுதி இருக்கிறதே என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவருக்கு இதில் ஒரு காசும் கிடைக்காது. முழுமையான காப்புறுதியிலும், தொழிற்சாலை பொருத்தாத ஸ்போர்ட் ரிம் போன்றவற்றை முன்கூட்டியே அறிவித்திருந்தால்தான் இழப்பீடு. இழப்பீடு கோரினால் என்.சி.டி. கழிவு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அடிப்படைச் சந்தா 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காட்டுக் கழிவில் இருப்பவர் 540 வெள்ளி கட்டுகிறார். கோரிய பிறகு முதல் ஆண்டு 1,200, பிறகு 25 விழுக்காட்டில் 900, 30இல் 840, 38.33இல் 740, 45இல் 660 என்று ஏறி, ஆறாவது ஆண்டில்தான் பழைய 540க்குத் திரும்புவார். அந்த ஐந்து ஆண்டில் கூடுதலாகக் கட்டியது 1,640 வெள்ளி. போதாததற்கு, கார் 5 வயதைத் தாண்டியிருந்தால் புதுப் பாகத்தின் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும். 10 வயதுக் காருக்கு அது 40 விழுக்காடு வரை போகலாம். ஒரு ஜோடி கண்ணாடிக்கு இழப்பீடு கோருவது பல நேரம் நஷ்டக் கணக்கு. நான்கு ரிம்மும் டயரும் போயிருந்தால் கணக்கு மாறலாம். பட்டறையில் விலைப்பட்டியல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இழப்பீடு கோரப் போவதில்லை என்பதற்காகப் புகாரையும் விட்டுவிடுவதுதான் நம்மிடையே நடக்கும் தவறு. "ஒரு கண்ணாடிக்காக யார் பாலாய்க்குப் போய் அரை நாள் உட்காருவது?" என்ற சலிப்பு புரியக்கூடியதே. ஆனால் ஒரே அடுக்குமாடியில் பத்துப் பேர் இழந்து ஒருவர் மட்டும் புகார் செய்தால், போலீஸ் பதிவில் அங்கே நடந்தது ஒரே ஒரு திருட்டு. ரோந்து எங்கே வர வேண்டும் என்பதைப் பதிவுகள்தானே சொல்லும்? அந்தக் கண்ணாடி என்றாவது ஒரு சோதனையில் சிக்கினாலும், புகார் இல்லாவிட்டால் அதை யாரிடம் திருப்பித் தருவது?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும். 379ஏ பிரிவு காருக்கு மட்டுமானதல்ல. லயத்து வாசலில் நிற்கும் இ.எக்ஸ்.5இன் பேட்டரியும் அதற்குள் அடக்கம்.