மாரமங்கலத்து வானில் கந்தகம்

பங்குனிக் கடைசியில், விடியற்காலை நாலரை மணிக்கு, ஏற்காடு ஏரிக்கரை வெளிச்சத்தை விட்டு விலகி மாரமங்கலம் பக்கம் நின்று தெற்கே பாருங்கள். மேகமில்லாத நாளாக இருந்தால் பால்வீதியின் மையம் ஏறக்குறைய 50 பாகை உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில், சுமார் 27,000 ஒளியாண்டுக்கு அப்பால், ஜி+0.693 என்றொரு மூலக்கூறு மேகம். கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ அலையில்தான் பிடிபடும்.

1971க்கு முன் விண்மீன்களுக்கு இடையே கந்தகச் சேர்மம் ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை. அந்த ஆண்டு பென்சியாஸ், சாலமன், வில்சன், ஜெஃபர்ட்ஸ் நால்வரும் அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்த 11 மீட்டர் தொலைநோக்கியை ஓரையன் நெபுலா பக்கம் திருப்பி, 2 மில்லிமீட்டர் அலையில் கார்பன் மோனோசல்ஃபைடைப் பிடித்தார்கள். ஒரு கார்பன், ஒரு கந்தகம், அவ்வளவுதான். மறு ஆண்டே அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பேர்போன ஹைட்ரஜன் சல்ஃபைடும் சிக்கியது.

நம் பக்கம் 1970லேயே உதகைக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவில் எழுப்பிவிட்டார். ஆனால் அது கேட்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் அலையை. இந்த வேலைக்கு மில்லிமீட்டர் அலை வேண்டும். சேர்வராயன் மலையில் ஒன்றை வைத்தால் என்ன? காற்றிலுள்ள நீராவி அந்த அலைகளை விழுங்கிவிடும். காப்பிக்கும் மிளகுக்கும் உகந்த ஈரம் இதற்கு ஆகாது.

2026 ஜனவரியில் வந்த செய்தி வேறு தினுசு. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து மிட்சுனோரி அராக்கி குழுவினர் முதலில் ஆய்வகத்தில், தையோஃபீனால் என்ற நாற்றத் திரவத்தில் 1,000 வோல்ட் மின்சாரம் பாய்ச்சினார்கள். ஆறு கார்பன் வளையத்தில் கந்தகம் ஒட்டிய, 13 அணுக்கள் கொண்ட மூலக்கூறு பிறந்தது. அது சுழலும்போது உமிழும் அதிர்வெண்களை ஏழு இலக்கத்துக்கும் மேல் துல்லியமாக அளந்துகொண்டு, ஸ்பெயின் நாட்டுத் தொலைநோக்கிகள் இரண்டின் பதிவுகளில் தேடினார்கள். ஜி+0.693இன் பதிவில் அதே கோடுகள்! அதுவரை தெரிந்த கந்தக மூலக்கூறுகள் ஒன்பது அணுவைத் தாண்டியதில்லை. ஸ்பெயினில் அந்த மேகம் 25 பாகைகூட ஏறாது என்பதுதான் வேடிக்கை. நமக்கு அதைப்போல் இரு மடங்கு.

ஆனாலும் கணக்கு உதைக்கிறது. அடர்ந்த மேகங்களில் இருக்கவேண்டிய கந்தகத்தில் மிகச் சிறு பங்குதான் வாயுவாகக் கண்ணில் படுகிறது. மீதி தூசித் துகள்களின் பனிப்படலத்தில் பதுங்கியிருக்கலாம் என்கிறார்கள். புதிய மூலக்கூறு அந்தப் பற்றாக்குறையை அடைக்கவில்லை.