சுவரில் ஒட்டப்படும் பெயர்கள்: பதிவுத் திருமணமும் 30 நாள் நோட்டீஸும்

தை பிறந்ததும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள நினைப்பவர்கள் மார்கழி பிறக்கும் முன்பே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். கெடு நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் எங்கள் பெயரையும் முகவரியையும் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்டுவார்களா என்று கேட்கிறார்கள். ஒட்டுவார்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

நாள் கணக்கு

இருவரில் ஒருவராவது, நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய 30 நாட்கள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டப்பட்ட நாளிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும். நீங்கள் மனுவை நீட்டிய நாளை வைத்து இதைக் கணக்கிட முடியாது. எனவே எந்தத் தேதியில் ஒட்டினார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சென்னைக்கோ கோவைக்கோ குடிவந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து 60 நாள் ஆகிவிடும். இன்னொரு பக்கமும் கெடு உண்டு. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதியாகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டிசம்பர் 15 அன்று கொடுத்த நோட்டீஸ் மார்ச் நடுவில் செத்துவிடும்.

அந்த 30 நாளில் உண்மையில் நடப்பது என்ன?

தேதிகளை விட முக்கியமான விஷயம் இதுதான். சட்டத்தின் 6ஆவது பிரிவு மூன்று வேலைகளைச் சொல்கிறது. முதலாவது, திருமண அலுவலர் உங்கள் நோட்டீஸை ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் வந்து புரட்டிப் பார்க்கலாம். இரண்டாவது, நோட்டீஸின் நகலை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். இந்த இரண்டைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள்.

மூன்றாவதை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. மணமக்களில் ஒருவர் அந்த மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் இல்லை என்றால், அவருடைய சொந்த மாவட்டத்துத் திருமண அலுவலருக்கு ஒரு நகல் போக வேண்டும். அவர் அதைத் தன் அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இதன் பொருளை ஒரு பெண்ணை வைத்து யோசித்துப் பார்க்கலாம். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொள்ள முடிவெடுத்ததால் வீட்டில் மிரட்டல். சென்னைக்கு வந்து விடுதியில் தங்கி, வேலை தேடிக்கொண்டு, 30 நாள் குடியிருப்பையும் நிறைவு செய்து நோட்டீஸ் கொடுக்கிறாள். அந்தப் படிவத்தில் அவளுடைய பெயர், வயது, தொழில், இப்போது தங்கியிருக்கும் முகவரி, நிரந்தர முகவரி எல்லாம் இருக்கின்றன. அந்தத் தாளின் நகல், அவள் எந்த ஊருக்குப் பயந்து ஓடிவந்தாளோ அந்த ஊருக்கு அருகிலுள்ள அலுவலகச் சுவருக்குப் போகிறது. அவள் சென்னையில் எங்கே இருக்கிறாள், யாரை மணக்கப் போகிறாள், இன்னும் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்ற மூன்று தகவலையும் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் அரசே தன் தபால் செலவில் சேர்ப்பிக்கிறது.

இதற்கு அரசுத் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் வெளிப்படைத்தன்மை, பாதுகாப்பு. ஏற்கெனவே திருமணமானவர் ஏமாற்றி மறுமணம் செய்வதைத் தடுக்கலாம், பெண்கள் மோசம் போகாமல் காக்கலாம் என்பார்கள். இந்த வாதத்தைச் சட்டத்தின் சொற்களோடு வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. யாரும் எதற்கும் ஆட்சேபனை சொல்லிவிட முடியாது. 4ஆவது பிரிவின் நிபந்தனைகள் மீறப்படுகின்றன என்று மட்டுமே சொல்லலாம். அவை நான்கு: உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது, சம்மதம் தரும் மனநிலை இருக்க வேண்டும், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மணம் செய்யத் தடை செய்யப்பட்ட உறவுமுறையாக இருக்கக் கூடாது. வயதைப் பிறப்புச் சான்றிதழ் சொல்லும். சம்மதத்தை நேரில் கேட்டால் தெரிந்துவிடும். முந்தைய திருமணத்தை மறைத்தால் தண்டனை உண்டு, அந்தத் திருமணமும் செல்லாது. அலுவலர் ஆவணங்களைப் பார்த்தும் நேரில் விசாரித்தும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை ஊரைக் கேட்டு அறியச் சொல்கிறது சட்டம். வேறு ஊரில் மனைவி இருப்பவன் ஏதோ ஓர் அலுவலகப் பலகையால் அகப்படுவது அபூர்வம். சொந்த ஊர் வரை நகல் போகும் பெண்ணோ நிச்சயமாக அகப்படுவாள்.

வீண் ஆட்சேபனைக்கு என்ன தண்டனை? நியாயமற்றது, நல்லெண்ணம் இல்லாதது என்று தெரியவந்தால் ஆட்சேபித்தவர் கட்ட வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு 1,000 ரூபாய். 1954இல் அது பெரிய தொகை. இன்று ஒரு பெண்ணின் திருமணத்தை விசாரணைக்காக மேலும் 30 நாள் தள்ளிவைக்க ஆகும் விலை அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்குள் வீட்டார் அவளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு நாள் போதும்.

காலம் போகப் போக இந்த விதி தளர்ந்திருக்க வேண்டும். இறுகியிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் காத்திருப்பு 14 நாள்தான். சுதந்திர இந்தியா அதை 30 ஆக்கியது.

2017 தீர்ப்பு என்ன ஆனது?

நீதிபதி கே.எஸ். புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். குடும்ப வாழ்வு, திருமணம், வீடு ஆகியவையும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று அதன் முதன்மைத் தீர்ப்புரை கூறுகிறது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாத தலையீடாக இருக்க வேண்டும். நோட்டீஸ் விதி முதல் சோதனையில் தேறுகிறது. மூன்றாவதில் தேறுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு கொள்கையை அறிவிக்கும் தீர்ப்பு, பழைய சட்டங்களில் உள்ள ஒவ்வொரு பிரிவையும் தானாக அழித்துவிடாது. யாராவது வழக்குப் போட்டு, நீதிமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவை நாடு முழுவதற்குமாக ரத்து செய்யும் தீர்ப்பு வரவில்லை.

துண்டு துண்டாக நிவாரணம் கிடைத்திருக்கிறது. நோட்டீஸை மணமக்களின் வீட்டுக்கு அனுப்புவதையும் போலீசை வைத்து முகவரியைச் சரிபார்ப்பதையும் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் நிறுத்தியது. கேரளத்தில் பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து நோட்டீஸ்களை எடுத்து, மதம் கடந்த காதலர்களின் படங்களையும் முகவரிகளையும் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். 2020 ஜூலையில் கேரள அரசு இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. பலகையில் ஒட்டுவது தொடர்ந்தது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம்தான் நேரடியாகப் பேசியது: மணமக்கள் எழுத்துமூலம் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிடலாம், இல்லையென்றால் கூடாது. அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடலாம். ஆனால் தமிழ்நாட்டுத் திருமண அலுவலரை அது கட்டுப்படுத்தாது. கடிதம் எழுதியவர்களில் பலர் குழம்பியது இந்த இடத்தில்தான்.

அலகாபாத் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் அதே உத்தரப் பிரதேசத்தில் நோட்டீஸுக்குப் பயந்து மதம் மாறி மணக்கலாம் என்றால், 2021ஆம் ஆண்டின் மதமாற்றத் தடைச் சட்டம் 60 நாள் முன்னதாக மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்கச் சொல்கிறது. மதம் மாறாமல் மணக்க வழி செய்வதற்காகவே வந்த சிறப்புத் திருமணச் சட்டம் மதம் மாறும் பக்கம் தள்ளுகிறது. அந்தப் பக்கமும் அடைபட்டிருக்கிறது.

சாதி மறுப்புத் திருமணத்துக்கும் நோட்டீஸ் வேண்டுமா?

இருவரும் இந்துக்கள் என்றால் தேவையில்லை. அண்ணா ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின்படி, உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு சிலர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால், திருமணம் செல்லும். நோட்டீஸ் கிடையாது, காத்திருப்பு கிடையாது. இதை ஊரறியப் பகிரங்கமாகச் செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்ன கருத்தை 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. எதிர்ப்பும் ஆபத்தும் உள்ள இணையர்களைப் பகிரங்க அறிவிப்புக்கு வற்புறுத்துவது அவர்கள் உயிரையே பறிக்கலாம் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டு இந்துக்களுக்குப் பொருந்தும் அந்த நியாயம் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

மற்ற கேள்விகள்

பெற்றோர் சம்மதம் வேண்டுமா? வேண்டாம், அவர்கள் விருப்பமின்மை ஆட்சேபனைக்குக் காரணமே ஆகாது.

அலுவலர் மறுத்தால்? 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

சாட்சிகள் எத்தனை பேர்? மூன்று.

ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்றால் 7-அ செல்லுமா? செல்லாது.

வழக்கறிஞர் முன்னிலையில் 7-அ வழியிலான சுயமரியாதைத் திருமணம் செல்லுமா? அவர் நண்பராகவோ உறவினராகவோ நின்றால் செல்லும். வழக்கறிஞர் என்ற பதவியில் நின்று நடத்தி வைக்கக் கூடாது.

முடிந்த திருமணத்தைப் பதிய நோட்டீஸ் உண்டா? தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்தால் கிடையாது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்தால் உண்டு.

மிரட்டல் இருந்தால்? 181 அல்லது 112; மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே உத்தரவிட்டு, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொல்லியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

நோட்டீஸுக்கும் திருமணத்துக்கும் இடையிலான காத்திருப்பையும் குடியிருப்பு நிபந்தனையையும் நீக்கச் சொல்லி இந்தியச் சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் இன்னும் செய்யவில்லை. அதற்காகத் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள விஷயம். மாநிலச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலைப் பெறலாம். 7-அ அப்படி வந்ததுதான். இன்று திருத்த வேண்டியவற்றில் முதலாவது, சொந்த மாவட்டத்துக்கு நகல் அனுப்பும் விதி. அதை நீக்கினால் எந்த மோசடிக்காரருக்கும் லாபமில்லை, எந்த நேர்மையான ஆட்சேபனையும் அடைபடாது. உயிருக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்களின் முகவரி மட்டும் ஊருக்குப் போகாமல் இருக்கும். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் எந்தக் கட்சி உறுப்பினரும் இதற்கு மசோதா கொண்டுவரலாம். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.