நன்னீர் உயிர்களின் பரம்பலும் சல்வீனியாக் களையும்

கொழும்பில் பேரை வாவியின் நீரைப் பச்சையாக்கும் மைக்குரோசிசுத்திசு என்னும் நுண்ணிய நீலப்பச்சை அல்கா, ஐரோப்பிய ஏரிகளிலும் காணப்படுவதாகும். நுண்ணுயிர்கள் காற்றினாலும் நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டிய சேற்றினாலும் நெடுந்தூரம் செல்லக்கூடியன. ஏற்ற நீர் கிடைத்தவிடத்துப் பெருகும். மீன்களோ பெரும்பாலும் நிலத்தைக் கடக்கமாட்டா. சிங்களத்தில் லே தித்தையா எனப்படும் செந்நிறச் சிறுமீன், இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

இவ்வெல்லைகளை மனிதனே மாற்றுகின்றான். பிறேசிலுக்குரிய சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னம், 1939 ஆம் ஆண்டில் ஆய்வின் பொருட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. வளமான வித்திகள் இல்லாத அச்செடி, ஒடிந்த துண்டுகளாலேயே பரவிக் கால்வாய்களையும் நெல்வயல்களையும் மூடியது. அதன் தாயகத்தில் அதனை உண்ணும் சிறுவண்டு இங்கு இருக்கவில்லை. 1986 ஆம் ஆண்டில் அவ்வண்டு விடப்பட்ட பின்னரே பலவிடங்களில் களை குறைந்தது.

ஆகவே, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் மீன்தொட்டி வைத்திருப்போர், தொட்டிச் செடிகளையும் மீன்களையும் வடிகாலிலோ கால்வாயிலோ விடலாகாது. செடிகளை நன்கு உலர்த்திப் புதைத்தல் வேண்டும். கமக்காரரும் வயலில் அகற்றிய களையை வாய்க்காலில் எறியாது, மேட்டில் உலர்த்தி எரித்தல் நன்று. நீரோடு செல்லும் ஒரு துண்டே ஒரு வயலைக் கெடுக்கப் போதுமானது.