பாதுகாப்பும் ஒரு படிப்புதான்: மாணவருக்கு வழிகாட்டும் முன் நாம் அறிய வேண்டியவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பள்ளி விடும் நேரத்தில் பழைய மாணவன் ஒருவன் வந்து நின்றான். கையில் பளபளப்பான ஓர் உறை. உள்ளே 'தீ மற்றும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ' என்று அச்சிட்ட சான்றிதழ். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்திருக்கிறான். கட்டணத்துக்காக அவன் அம்மா கம்மலை அடகு வைத்திருக்கிறார். சான்றிதழை எடுத்துக்கொண்டு மூன்று தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறான். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "இதை வச்சு சேஃப்டி ஆபீசராச் சேர முடியாது தம்பி."

அவன் கோபப்படவில்லை. "டீச்சர், சேஃப்டி படிச்சா வேலை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான்.

நான் சொன்னது உண்மை. வேலை இருப்பதும் உண்மை. ஆனால் எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, யார் அங்கீகரிக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. அன்று தொடங்கித் தொழிற்சாலையில் பணிபுரியும் பெற்றோர்களிடமும் பாதுகாப்பு அலுவலர்களிடமும் கேட்டும், விதிகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன். இன்னொரு மாணவனின் அம்மா கம்மலை அடகு வைக்காமல் இருக்க இது உதவலாம்.

நான்கு பணிகள், ஒரு குடும்பம்

தொழிற்சாலைகளில் 'எச்.எஸ்.இ.' என்று ஒரு பிரிவு இருக்கும். சுகாதாரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். பல இடங்களில் தரமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

பாதுகாப்பு என்பது விபத்தைத் தடுப்பது. சுகாதாரம் என்பது வேலையால் வரும் நோயைத் தடுப்பது. விபத்து நொடியில் நடந்துவிடும். நோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வரும். கல் உடைக்கும் இடத்தில் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ், பேரிரைச்சலில் வேலை செய்வோருக்குக் குறைந்துகொண்டே போகும் செவித்திறன் ஆகியவை இவ்வகை.

சுற்றுச்சூழல் பணி என்பது ஆலைக்குள்ளிருந்து வெளியே போகும் நீர், புகை, கழிவு ஆகியவற்றைக் கண்காணிப்பது. ஆலைக் கழிவுநீரை நீர்நிலையில் விடுவதற்குப் பொதுவான தர அளவுப்படி அதன் பி.எச். மதிப்பு 5.5 முதல் 9.0 வரை இருக்க வேண்டும். நம் மாணவர்கள் பத்தாம் வகுப்பில் பி.எச். தாளை நனைத்து நிறம் பார்க்கிறார்களே, அதே வேலைதான் சுத்திகரிப்பு நிலையத்தில் கருவி கொண்டு நாள்தோறும் நடக்கிறது. திருப்பூர்ச் சாயத் தொழில் இதன் முக்கியத்துவத்தைக் காட்டியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அங்குள்ள சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறித்தான் அவை மீண்டு வந்தன.

தரம் என்பது பொருள் ஒவ்வொன்றும் சொன்ன அளவில், சொன்னபடி இருப்பதை உறுதி செய்வது. ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைப் பிடித்து 'மீச்சிற்றளவு என்ன?' என்று நாம் கேட்கும் கேள்வியில்தான் தர ஆய்வாளரின் நாளும் தொடங்குகிறது.

இந்தப் பணிகளுக்கு உலகளாவிய தரநிலைகள் உண்டு. தரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9001, சுற்றுச்சூழலுக்கு 14001, பணியிடச் சுகாதாரம் மற்றும் பாதுகாப்புக்கு 2018இல் வந்த 45001. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இந்த எண்கள் வரும். எண்ணைப் பார்த்தவுடன் எந்தப் பணி என்று மாணவர் சொல்லப் பழக்கினால் போதும்.

முதலிப்பட்டி சொல்லும் பாடம்

2012 செப்டம்பர் 5. நாம் ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்த நாள். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் தீயைக் கண்டு உதவ ஓடி வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும்தான். உதவும் மனம் இருந்தது; எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்ற அறிவு எட்டவில்லை.

பட்டாசு ஆலையில் இரும்புக் கருவிகளைத் தவிர்த்துப் பித்தளை, மரக் கருவிகளைப் பயன்படுத்துவார்கள். இரும்பு உரசினால் பொறி பறக்கும். உடலில் சேரும் நிலை மின்சாரம் தரைக்குள் இறங்கிவிட, வேலையறைக்குள் நுழையும் முன் செப்புத் தகட்டைத் தொடச் சொல்வார்கள். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை ஈர்க்கும் நம் எட்டாம் வகுப்புச் சோதனை அங்கே உயிர் காக்கும் விதியாக இருக்கிறது. இந்த விதி ஏன் என்று தொழிலாளிக்குப் புரியும்படி சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் பாதுகாப்பு அலுவலர்.

சட்டம் என்ன கேட்கிறது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 1984 டிசம்பர் போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் அபாயகரமான செயல்முறைகளுக்கென்றே தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. 2020இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை 500 ஆகக் குறைத்தது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைக்கும் கட்டுமானப் பணிக்கும் 250, சுரங்கத்துக்கு 100. எண்ணிக்கை குறையக் குறைய பாதுகாப்பு அலுவலர் தேவைப்படும் இடங்கள் கூடுகின்றன. வேலை இருக்கிறது என்று நாம் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் இந்தப் பதவிக்கு யாரையும் அமர்த்திவிட முடியாது. விதிகள் பொதுவாக மூன்று தகுதிகளைக் கேட்கின்றன.

முதலாவது, அடிப்படைக் கல்வியும் அனுபவமும். பொறியியல் பட்டம் என்றால் தொழிற்சாலையில் மேற்பார்வை நிலையில் 2 ஆண்டு. இயற்பியல் அல்லது வேதியியல் பட்டம், பொறியியல் பட்டயம் என்றால் 5 ஆண்டு.

இரண்டாவது, மாநில அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் பட்டமோ பட்டயமோ.

மூன்றாவது, தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழியில் போதிய அறிவு. இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைக்கும் நம் மாணவருக்கு, அந்த மொழியே இங்கே ஒரு தகுதி. அதே வேளையில், இன்று வடமாநிலத் தொழிலாளர் மிகுந்த ஆலைகளில் இந்தி பேசத் தெரிந்தவருக்கும் மதிப்பு உண்டு என்று பாதுகாப்பு அலுவலர் ஒருவர் சொன்னார்.

என் மாணவனிடம் இருந்தது மூன்றாவது தகுதி மட்டுமே. ஆறு மாதச் சான்றிதழ் இரண்டாவதற்கு ஈடாகாது. முதலாவதுக்கு அவன் இன்னும் தொடங்கவே இல்லை.

போகக்கூடிய வழிகள்

பத்தாம் வகுப்புக்குப் பின்: பாலிடெக்னிக்கில் இயந்திரவியல், மின்னியல், வேதிப் பொறியியல் போன்ற மூன்றாண்டுப் பட்டயம் உறுதியான தொடக்கம். ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளிலும் சுகாதாரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்ற ஓராண்டுப் பிரிவு உண்டு; எல்லா நிலையங்களிலும் இருக்காது, விசாரித்துச் சேர வேண்டும். இரண்டாண்டு ஐ.டி.ஐ. பிரிவு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்: பொறியியல் பட்டம், அல்லது பி.எஸ்சி. வேதியியல், இயற்பியல். கலைக் கல்லூரியில் வேதியியல் படிக்கும் நம் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியப் பணி தவிர இப்படியும் ஒரு வழி இருப்பதை நாம் சொல்வதே இல்லை. தர ஆய்வகம், கழிவுநீர் ஆய்வகம் என்று அவர்கள் தொடங்கலாம்.

அதற்குப் பின்: சில ஆண்டு ஆலை அனுபவம் பெற்று, ஓராண்டுத் தொழிற்பாதுகாப்புப் பட்டயம் படிக்கலாம். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்ற இடம். முதுநிலை படிக்க விரும்பும் பொறியாளர்களுக்குத் திருச்சி என்.ஐ.டி.யிலும் சிவகாசிப் பகுதியிலேயே ஒரு பொறியியல் கல்லூரியிலும் தொழிற்பாதுகாப்புப் பொறியியல் உண்டு.

வளைகுடா நாடுகளில் வேலை தேடுவோர் 'நெபோஷ்' என்ற பெயரைச் சொல்வார்கள். அது 1979இல் தொடங்கிய பிரிட்டன் தேர்வு அமைப்பு. அதன் சான்றிதழை வெளிநாட்டு நிறுவனங்கள் மதிக்கின்றன. ஆனால் நம் மாநில விதி கேட்கும் பட்டயத்துக்கு அது மாற்று அன்று.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டிப் பலகையில் இந்த ஐந்து கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம்.

1. இந்தச் சான்றிதழை வழங்குவது பயிற்சி நிலையமா, பல்கலைக்கழகமா, அரசு அமைப்பா?
2. பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு இது ஏற்கப்படும் என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சொல்கிறதா? (மாவட்டங்களில் உள்ள அதன் அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்.)
3. சேர என்ன அடிப்படைக் கல்வி, எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள்? எதுவும் கேட்காவிட்டால் அதுவே எச்சரிக்கை.
4. முன்பு படித்தவர்கள் எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது நேரில் பேசினாயா?
5. 'நூறு சதவீத வேலை உறுதி' என்பதை எழுத்தில் தருவார்களா?

யாருக்கு ஏற்ற வேலை?

நல்ல மதிப்பெண் மட்டும் போதாது. உற்பத்தி அவசரத்தில் "இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்று மேலாளர் சொல்லும்போது, "அனுமதிச் சீட்டு இல்லாம இந்தத் தொட்டிக்குள்ள ஆளை இறக்க முடியாது சார்" என்று அமைதியாகச் சொல்லத் தெரிய வேண்டும். தன்னைவிட மூத்த தொழிலாளியிடம் "அண்ணே, பெல்ட்டை மாட்டிக்கங்க" என்று மரியாதை குறையாமல் கேட்கத் தெரிய வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரிய வேண்டும். வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் முதல் மதிப்பெண் எடுப்பவர்களாக இருப்பதில்லை.

வகுப்பறையில் ஒரு பாடவேளை

ஆபத்தைக் கட்டுப்படுத்த இத்துறையில் ஐந்து படிகள் சொல்வார்கள்: நீக்குதல், மாற்றுதல், தடுப்பு அமைத்தல், விதிமுறை வகுத்தல், கடைசியாகத் தற்காப்புக் கவசம். இதைப் பள்ளிக்குள்ளேயே கற்பிக்கலாம். விளையாட்டிடத்தின் மேல் பட்டுப்போன கிளை தொங்கினால் வெட்டுவது நீக்குதல். பாதரச வெப்பமானிக்குப் பதில் டிஜிட்டல் வெப்பமானி வாங்குவது மாற்றுதல். சுவிட்ச் பெட்டிக்கு மூடி போடுவது தடுப்பு. கைகழுவுமிடத்தில் வகுப்புவாரியாக நேரம் ஒதுக்குவது விதிமுறை. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் அணிவது கவசம்.

பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் 'ஹெல்மெட்' என்பார்கள். கவசம் கடைசிப் படி என்பது புரிந்தாலே பாதிப் பாடம் முடிந்தது. தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரை மணி நேரம் வளாகத்தைச் சுற்றிவரச் செய்து, 'எங்கே விழலாம், எங்கே கை வெட்டலாம்' என்று படம் வரையச் சொல்லலாம். பெரிய வகுப்பினர் அந்தப் பட்டியலை ஐந்து படிகளில் பிரிக்கட்டும். நாங்கள் செய்தபோது பிள்ளைகள் கண்டுபிடித்த முதல் ஆபத்து, நான் தினமும் தாண்டிப் போன உடைந்த படிக்கல்.

அந்த மாணவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்ததால், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நேரடி இரண்டாம் ஆண்டு சேர முடிந்தது. இப்போது இறுதியாண்டு. இன்னும் ஐந்தாண்டு அனுபவமும் ஓராண்டுப் பட்டயமும் பாக்கி என்பது அவனுக்குத் தெரியும். இந்த முறை கணக்கை முழுதாகச் சொல்லித்தான் அனுப்பினேன். கம்மலை மீட்டுவிட்டார்கள்.

கடந்த மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று, ஒன்பதாம் வகுப்பில் பேச அவனை அழைத்திருந்தேன். தேசியப் பாதுகாப்புக் குழுமம் 1966இல் தொடங்கப்பட்ட நாள் அது. அவன் பேச்சில் பாதி நேரம் அந்த ஐந்து கேள்விகளைத்தான் விளக்கினான். அடுத்த மார்ச் 4 அன்று உங்கள் பள்ளியிலும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பக்கத்து ஆலையின் பாதுகாப்பு அலுவலரை அழைத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.