வெற்றுப் பனியன் வந்த வழி

பள்ளி விளையாட்டு விழாவில் ஓர் அணியினர் ஒரே நிற டி-ஷர்ட் அணிவர். படமோ எழுத்தோ இல்லாத வெற்றாடையாகவே அது ஆலையிலிருந்து வாங்கப்படுகிறது. அணியின் பெயரும் சின்னமும் பின்னரே அச்சிடப்படுகின்றன. இத்தகைய பின்னலாடைக்குப் பெயர்பெற்ற நகரம், தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர்.

பனியன் தொழில் அங்கே பல இலட்சம் மக்களுக்கு வாழ்வளிக்கிறது. ஆயினும், சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்ததால், ஆற்றோர உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆதலால், ஆடை வணிகம் தொடங்குவோர் விலையை மட்டும் வினவுதல் போதாது. 'இயற்கைப் பருத்தி' என்று விற்பவர் கூறுவதும் சான்றாகாது. 'காட்ஸ்' என்னும் பன்னாட்டுத் தரச்சான்று இதற்கு உதவுகிறது. அதனைப் பெறும் ஆடையில் குறைந்தது 70 விழுக்காடு இயற்கை வேளாண் இழை இருத்தல் வேண்டும். 'ஆர்கானிக்' என்றே குறிப்பதற்கு 95 விழுக்காடு வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்தலும், குழந்தைகளை வேலைக்கு அமர்த்தாமையும் அதன் நிபந்தனைகள். நூற்பு, பின்னல், சாயம், தையல் எனும் ஒவ்வொரு நிலையும் சோதிக்கப்படும். ஆடைச் சீட்டிலுள்ள உரிம எண்ணைக் கொண்டு சான்றின் உண்மையை எவரும் சரிபார்க்கலாம்.

மிக மலிவான ஆடைக்கு வாங்குபவர் கொடுக்காத விலையை, ஆறும் தொழிலாளியும் கொடுக்க நேரிடலாம்.

செயல்பாடு: உம் வீட்டிலுள்ள பின்னலாடை ஒன்றின் சீட்டைப் படித்து, அதில் காணும் செய்திகளை ஐந்து தொடர்களில் எழுதுக.