நோட்டிஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் ஒத்த கருத்துச் சொற்களும்

க.பொ.த. (சாதாரண தர) ஆங்கில வினாத்தாளில் அறிவித்தல் ஒன்றை எழுதுமாறு கேட்கப்படுவதுண்டு. "நோட்டிஸ் தானே, தெரிந்த சொல்" என்று மாணவர் பலர் இதனை இலகுவாக எண்ணுகின்றனர். தெரிந்த சொல் என்பதே இங்கு சிக்கல். நாம் தமிழ்ப் பேச்சில் வழங்கும் நோட்டீசும் ஆங்கிலேயரின் நோட்டிசும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. இலத்தீனில் 'அறிந்திருத்தல்' என்பது இதன் அடிப்படைக் கருத்து. இதனை மனதில் வைத்தால் பின்வரும் பயன்பாடுகளை விளங்கிக்கொள்வது எளிது.

முதலாவது கருத்து, பலரும் வாசிப்பதற்காக ஓரிடத்தில் வைக்கப்படும் எழுத்து. பாடசாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும் தாள் இதுவே. இக்கருத்தில் இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல். ஒன்றாயின் முன்னே 'ஏ' வரும். பலவாயின் 'நோட்டிசஸ்' என்றாகும். இதனுடன் 'புட் அப்' என்ற வினையைச் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது கருத்து, முன்கூட்டியே தெரிவித்தல். இங்கு இது எண்ண முடியாத பெயர்ச்சொல். 'அட் ஷோட் நோட்டிஸ்' என்றால் போதிய அவகாசமின்றி, திடீரென. 'அன்டில் ஃபேர்தர் நோட்டிஸ்' என்றால் மறு அறிவித்தல் வரும் வரை. இவற்றில் 'ஏ' சேர்ப்பதும் பன்மையாக்குவதும் பிழையாகும். மூன்றாவது கருத்து கவனம். 'டேக் நோ நோட்டிஸ்' என்றால் பொருட்படுத்தாதே என்பதாகும். அறிவித்தல் தாளை எடுக்காதே என்று எழுதிவிடாதீர்கள்.

இனி, மாணவர் அதிகம் தவறும் இடம். கோயில் திருவிழாவுக்குச் சந்தையில் தாள் விநியோகித்தால், "நோட்டீஸ் குடுத்தவை" என்கிறோம். அதனை அப்படியே ஆங்கிலமாக்கி, 'தே கேவ் நோட்டிஸ்' என்று எழுதினால் கருத்து முற்றாக மாறிவிடும். ஆங்கிலத்தில் 'கிவ் நோட்டிஸ்' என்பது பெரும்பாலும் வேலையிலிருந்து விலகப் போவதாகவோ, வாடகை வீட்டை விட்டு வெளியேறப் போவதாகவோ முன்கூட்டியே தெரிவிப்பதைக் குறிக்கும். வீட்டு உரிமையாளர் குடியிருப்பவரை வெளியேறும்படி அறிவிப்பதும் இதுவே. கையில் கொடுக்கும் தாளுக்கு 'லீஃப்லெட்' அல்லது 'ஹேண்ட்பில்' என்பதே பொருத்தம், தமிழில் துண்டுப்பிரசுரம்.

ஒத்த கருத்துச் சொற்கள் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று பதிலாக வருவதில்லை. மரண அறிவித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் அச்சிடப்பட்டாலும் இலங்கை வானொலியில் வாசிக்கப்பட்டாலும் தமிழில் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் அச்சிட்டது நோட்டிஸ். வாயால் வாசிப்பது 'அனௌன்ஸ்மன்ட்'. கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் வருகையை ஒலிபெருக்கியில் சொல்வதும், காலைக் கூட்டத்தில் அதிபர் அறிவிப்பதும் அனௌன்ஸ்மன்ட் தான். இதற்கு 'மேக்' என்ற வினை வரும். எனினும் எழுத்தில் வரும் அறிவிப்பையும் அனௌன்ஸ்மன்ட் எனலாம். ஆனால் வாயால் சொன்னதை நோட்டிஸ் என்று எழுதாதீர்கள்.

'நோட்டிஃபிகேஷன்' சற்று உத்தியோகபூர்வமான சொல். 1802 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியில் பிரசுரமாகும் அறிவித்தல் இப்பெயர் பெறும். இன்று கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் சிறு செய்திக்கும் இதே பெயர் வழங்குவது வேடிக்கைதான். திணைக்களம் ஒன்று பாடசாலைகள் அனைத்திற்கும் அனுப்புவது 'சேக்கியுலர்', அதாவது சுற்றறிக்கை. செய்தி அல்லது வானிலை பற்றிய சுருக்கமான அறிக்கை 'புலெட்டின்'. பொருளை விற்பதற்காக வெளியிடுவது 'அட்வர்டைஸ்மன்ட்'. பாடசாலைக் கூட்டத்திற்கு இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டாம்.

செய்திகளில் வரும் 'ரெட் நோட்டிஸ்' பற்றியும் ஒரு சொல். சர்வதேச பொலிஸார் வெளியிடும் இந்தச் சிவப்பு அறிவித்தல், தேடப்படும் ஒருவரைக் கண்டறிந்து தற்காலிகமாகக் கைது செய்யுமாறு நாடுகளின் பொலிஸாரிடம் விடுக்கும் வேண்டுகோளாகும். அது பிடியாணை அன்று.

பரீட்சையில் அறிவித்தல் எழுதும்போது மேலே நடுவில் 'நோட்டிஸ்' என்றும், அதன் கீழ் நிகழ்ச்சியின் பெயரையும் இடுங்கள். பின்னர் என்ன, எப்போது, எங்கே, யாருக்கு என்பன வர வேண்டும். 'த இங்கிலிஷ் டே வில் பி ஹெல்ட் ஒன் ஃபிரைடே அட் நைன் ஏ.எம். இன் த மெயின் ஹோல்' என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். 'வில் பி ஹெல்ட்' என்பது நடைபெறும் எனப் பொருள்படும் செயப்பாட்டு வினை. பெரும்பாலான பாடசாலை நிகழ்ச்சிகளுக்கு இது உதவும். நாளுடன் திகதியையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளி என்று மட்டும் எழுதினால் எந்த வெள்ளி என்று வாசிப்பவர் எப்படி அறிவார்? இறுதியில் வெளியிடுபவரின் பதவி, உதாரணமாக ஆங்கில மன்றச் செயலாளர், இடப்பட வேண்டும். 'டியர் ஃபிரெண்ட்ஸ்' என்று தொடங்கினால் அது கடிதமாகிவிடும்.

உச்சரிப்பில் நாம் 'டீ' என்று நீட்டுகிறோம். ஆங்கிலத்தில் அது குறில். அழுத்தம் முதல் அசையில் விழும். காதில் 'ஸ்' என்று கேட்டாலும் எழுதும்போது இறுதியில் 'எஸ்' வராது, 'சி', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகளே வரும்.